அட்டைக்கட்டு

சோழவந்தான் பக்கம் ஓர் அரிசி ஆலை. அங்கே சலிப்பு இயந்திரத்தின் மோட்டாரைத் தாங்க ஓர் இரும்பு பிராக்கெட் வேண்டும். கப்பலூரில் தகடு வெட்டுவதற்கு முன்னால் வரைபடம் என்னிடம் வந்தது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது நொடிக்கு 24. பிராக்கெட்டின் இயல்பு அதிர்வெண் இந்த 24-ஐ நெருங்கினால் போல்ட் கழன்றுவிடும், வெல்டிங் விரிசல் விடும்.

அந்த அதிர்வெண்ணைக் கணக்கிட, பிராக்கெட்டின் உருவத்தைக் கணினியில் புள்ளிகளாலான வலையாக்கி, அதாவது மெஷ் போட்டு முடித்தேன். நீலமும் சாம்பலுமாகத் திரையில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போடும் மென்பொருளான சால்வருக்கு இந்தப் படம் கண்ணில் படாது. அதற்குத் தெரிந்தது வெறும் எழுத்தும் எண்ணும்தான். எக்ஸ்போர்ட் கொடுத்ததும் படம் முழுக்க உரையாகிவிடுகிறது. நோட்பேடில் திறந்தால் 'பிகின் பல்க்' என்ற வரிக்குக் கீழே கிரிட், கிரிட், கிரிட் என்று இறங்கிக்கொண்டே போகும். வரிக்கு ஒரு புள்ளி. கிரிட் என்ற சொல்லுக்கு 8 இடம், புள்ளியின் எண்ணுக்கு 8, அச்சுத்தொகுதிக்கு 8, பிறகு எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் எட்டெட்டு.

இந்த எட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நாஸ்ட்ரான் என்ற சால்வரை 1960-களில் நாசா உருவாக்கியபோது கணினிக்குத் தகவல் போனது துளையிட்ட அட்டைகளில். ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த அட்டையில் 80 பத்திகள். எட்டெட்டாகப் பிரித்தால் பத்துக் கட்டங்கள். அட்டைகள் மறைந்தன, கட்டங்கள் மறையவில்லை. இன்றைக்கும் இந்த ஃபைலை நாங்கள் 'டெக்' என்றுதான் சொல்கிறோம். அட்டைக்கட்டு என்று பொருள். பழைய கட்டத்தின் நெருக்கடியும் கூடவே வருகிறது. 12345.678 என்பதற்கு ஒன்பது இடம் தேவை. எட்டில் அடைத்தால் கடைசி இலக்கம் போய்விடும். நுணுக்கம் வேண்டுமென்றால் நட்சத்திரக்குறி போட்டு 16 இடக் கட்டத்துக்கு மாற வேண்டும்.

என் ஃபைல் தடுக்கி விழுந்தது வேறு இடத்தில். ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் சால்வர் ஓடி முடிந்து, முதல் அதிர்வெண் 4.5 என்றது. கையால் உலுக்கினாலே ஆடும் அளவு அது. அத்தனை கனத்த தகடு அப்படி ஆடாது. மறுபடி ஃபைலைத் திறந்து பொருளின் வரிக்குப் போனேன். இரும்பின் அடர்த்தி 7.85E-6, அதாவது 0.00000785, என்று இருந்தது. கன மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று நான்தான் கொடுத்திருந்தேன். மோட்டாரின் எடையும் கிலோவில், 18.

நீளம் மில்லிமீட்டர், விசை நியூட்டன், நேரம் நொடி என்றால் நிறை டன்னில்தான் வர வேண்டும். ஃபைலில் அலகுக்கென்று கட்டமே கிடையாது. கொடுத்த எண்ணை சால்வர் அப்படியே நம்புகிறது. அதன் கணக்கில் பிராக்கெட்டும் மோட்டாரும் ஆயிரம் மடங்கு கனத்துவிட்டன. நிறை கூடினால் அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு அதிர்வெண் குறையும். ஆயிரத்தின் வர்க்கமூலம் ஏறக்குறைய 31.6, அதிர்வெண்ணும் அத்தனை மடங்கு சரிந்துவிட்டது. அடர்த்தியை 7.85E-9 என்றும் மோட்டாரை 0.018 என்றும் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். 142 வந்தது. 24-க்கு வெகுதூரம். தகடு வெட்டச் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து என் ஃபைல் ஒவ்வொன்றின் தலையிலும் டாலர் குறியிட்டு ஒரு வரி இருக்கும்: மில்லிமீட்டர், நியூட்டன், டன், நொடி. டாலரில் தொடங்கும் வரியை சால்வர் படிக்காமல் தாண்டிவிடும். அடுத்து அதைத் திறக்கிறவருக்காக எழுதி வைக்கிறேன்.