வரகு கேட்ட தம்பிக்கு ஒரு பழைய கதை

போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணார். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர். "அண்ணே, வரகரிசி பத்து கிலோ அனுப்புங்க. அப்பாவுக்கு சுகர். இனிமே சிறுதானியம்தான், மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கோம்" என்றார். வரகு விக்கிறவன் சந்தோசப்பட்டிருக்கணும். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. "மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க தம்பி, விவரமா எழுதுறேன்" என்று சொல்லி வச்சேன். அதுதான் இது.

எனக்கும் சர்க்கரை உண்டு. எட்டு வருசமாச்சு. நான் படிச்சது பள்ளிக்கூடத்தோட சரி. ஆனா நோய் வந்த பிறகு அதைப் பத்திக் கையில கிடைச்சதையெல்லாம் படிச்சேன். எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவும் கேட்டதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்வாங்க. அதுல தெரிஞ்ச முதல் விசயம், சோத்தைக் குறைச்சு சர்க்கரையைக் கட்டுப்படுத்துறது இப்போ வந்த பேசன் இல்லை. இருநூறு வருசத்துக்கும் மேலான வைத்தியம்.

நோய் அதுக்கும் பழசு. மூத்திரத்துல எறும்பு மொய்க்கிறதை வச்சே நம்ம நாட்டு வைத்தியர்கள் இதைக் கண்டுபிடிச்சு மதுமேகம்னு பேர் வச்சாங்க. உடம்பு பெருத்தவங்களுக்கு வர்றது வேற, மெலிஞ்சவங்களுக்கு வர்றது வேறன்னு சுசுருதர் அப்பவே பிரிச்சிருக்கார். இந்தப் பிரிவை மனசுல வச்சுக்குங்க, கடைசியில இது வேணும்.

சாப்பாட்டை மாத்தி வைத்தியம் பார்த்து, அதை முறையா எழுதி வச்சவர் ஜான் ரோலோ. இங்கிலாந்து ராணுவத்துல மருத்துவரா இருந்த ஸ்காட்லாந்துக்காரர். உடம்பு பெருத்த ஒரு கேப்டனுக்குத் தானியம், காய் எல்லாத்தையும் கிட்டத்தட்ட நிறுத்திட்டு கறி, கொழுப்பு, பால்னு கொடுத்துப் பார்த்தார். கேப்டனுக்குத் தாகம் குறைஞ்சுது, மூத்திரத்துல சர்க்கரையும் குறைஞ்சுது. 1797ல அதைப் புத்தகமாவே போட்டார்.

அடுத்தது பாரிஸ். 1870ல ஜெர்மன் படை அந்த நகரத்தைச் சுத்தி வளைச்சு நின்னுது. உள்ளே சனங்களுக்கு ரொட்டிக்கே பஞ்சம். அந்தப் பஞ்சத்துல, தன்கிட்ட வைத்தியம் பார்த்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூத்திரத்துல சர்க்கரை குறையுறதை பூசார்தா என்ற மருத்துவர் கவனிச்சார். ரொட்டியைக் குறை, கீரை காயைச் சேர், உடம்பு வணங்கி வேலை செய், இதுதான் அவர் வைத்தியம். கேட்டா எங்க டாக்டரம்மா பேசுற மாதிரியே இருக்கும்.

இதுவரைக்கும் நல்ல கதை. இதுக்கு மேலதான் மனசைப் பிசையுறது.

1914 வாக்குல அமெரிக்காவுல ஃபிரடெரிக் ஆலன் என்ற மருத்துவர் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். மூத்திரத்துல சர்க்கரை நிக்கிற வரைக்கும் பட்டினி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடு. காயைக்கூட மூணு தடவை வேகவச்சு, தண்ணியை வடிச்சு, இருக்கிற மாவுச்சத்தையும் எடுத்துட்டுக் கொடுப்பாங்க. அவர் கொடுமைக்காரர் இல்லை. அப்போ வேற மருந்தே கிடையாது. அந்தக் காலத்துல இந்த நோய் வந்த பிள்ளைங்க சீக்கிரமே போயிடும். பட்டினி போட்டா ஒரு வருசமோ ரெண்டு வருசமோ கூட இழுத்துக்கிட்டுக் கிடக்கும். எலும்பும் தோலுமா.

எலிசபெத் ஹியூஸ் அப்படி ஒரு பொண்ணு. அவ அப்பா பிறகு அமெரிக்காவுக்கு வெளியுறவு மந்திரியாவே ஆனவர். 1919ல, பதினோரு வயசுல நோய் தெரிஞ்சு ஆலன்கிட்ட வந்தா. மூணு வருசம் அந்தக் கட்டுப்பாட்டுல இருந்தா. பதினைஞ்சு வயசை நெருங்குறப்போ எடை சுமார் இருபது கிலோ. நம்ம வீட்டு ரேசன் அரிசி மூட்டை அளவு.

அதுக்குள்ள கனடாவுல டொரொண்டோ நகரத்துல இன்சுலின் வந்துடுச்சு. 1922 ஜனவரி 11ம் தேதி, லெனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையனுக்குத்தான் முதல் ஊசி. அது சரியா வேலை செய்யலை. மருந்தை இன்னும் சுத்தம் பண்ணி 23ம் தேதி திரும்பப் போட்டாங்க, சர்க்கரை இறங்கிடுச்சு. அந்த ஆகஸ்ட்ல எலிசபெத் டொரொண்டோ போய்ச் சேர்ந்தா. மருந்தைக் கண்டுபிடிச்ச பாண்டிங்கே அவளுக்கு ஊசி போட்டார். பொண்ணு பிழைச்சு, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, 1981 வரைக்கும் வாழ்ந்தா. அந்த மருந்தோட உரிமையை பாண்டிங்கும் கூட இருந்தவங்களும் ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.

இந்தக் கதையில எனக்குப் புரிஞ்சது இதுதான். பத்தியம் அந்தப் பொண்ணை மூணு வருசம் தாங்கிப் பிடிச்சுது. உயிரைக் காப்பாத்தினது மருந்து. அதே சமயம் அந்த மூணு வருசம் பத்தியம் பிடிக்கலைன்னா, மருந்து வர்றப்போ அவ இருந்திருக்க மாட்டா. ரெண்டும் எதிரி இல்லை தம்பி.

என் கதைக்கு வர்றேன். எங்க அப்பா காலத்துல எங்க மேட்டாங்காட்டுல வரகும் கம்பும்தான். நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு மட்டும். அப்புறம் போர் போட்டோம், மோட்டார் வந்துச்சு, காடெல்லாம் நெல்லாச்சு. 2011ல இருந்து ரேசன் அரிசியும் இலவசம். மூணு வேளையும் சோறு, இட்லி, தோசை. ஏர் ஓட்டினது போய் டிராக்டர் வந்துடுச்சு. வேலை குறைஞ்சுது, தட்டு மட்டும் குறையலை.

சர்க்கரைன்னு தெரிஞ்சப்போ மூணு மாச சராசரி 9.8. நானும் இந்தத் தம்பி மாதிரிதான், உடனே கேழ்வரகுக் கூழுக்கு மாறினேன். காலையில ஒரு பெரிய சொம்பு. பதினைஞ்சு நாள் கழிச்சுப் பார்த்தா சர்க்கரை அப்படியே நிக்குது. டாக்டரம்மா சிரிச்சாங்க. நூறு கிராம் அரிசியில மாவுச்சத்து 78 கிராம்னா, கேழ்வரகு, கம்பு, வரகுலயும் அறுபது கிராமுக்கு மேலதான். நார்ச்சத்து கூட இருக்கிறதால கொஞ்சம் நிதானமா ஏறும். அதையும் நைசா அரைச்சுக் கூழாக் காய்ச்சினா அந்த நிதானமும் போச்சு. அப்பா கூழ் குடிச்சுட்டு ஒரு நாள் முழுக்க ஏர் ஓட்டினார். நான் கூழ் குடிச்சுட்டு பைக்குல டீக்கடைக்குப் போனேன்.

அடுத்து எதிர்ப்பக்கம் விழுந்தேன். ரோசம் வந்து சோறு, கூழ் எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டு முட்டை, கீரைன்னு இறங்கினேன். டாக்டரம்மாகிட்ட சொல்லலை. மாத்திரை பழைய அளவுலயே போட்டேன். நாலாம் நாள் கடலைக் காட்டுல வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி வரப்புல உக்காந்துட்டேன். வீட்டுக்காரி ஓடிவந்து சர்க்கரையைத் தண்ணியில கலக்கி வாயில ஊத்தினா. மூணு வேளை சோத்துக்குன்னு கொடுத்த மாத்திரை, சோறு இல்லாத உடம்புல சர்க்கரையை ஒரேயடியா இறக்கிடுச்சு. அன்னைக்கு அவ பக்கத்துக் காட்டுல களை எடுத்துக்கிட்டு இருக்கலைன்னா இதை எழுத நான் இல்லை.

அதுக்கப்புறம்தான் ஒழுங்குக்கு வந்தேன். சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க டாக்டரம்மா மாத்திரையைக் குறைச்சாங்க. ஒரு மாத்திரையை அவங்களே நிறுத்தினாங்க, இன்னொண்ணு இப்பவும் போடுறேன். மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, தட்டு நிறைய கீரையோ அவரையோ, கூடவே மீனோ முட்டையோ சுண்டலோ. ராத்திரி சோறு இல்லை. சாப்பிட்டதும் வாய்க்கா வரைக்கும் ஒரு நடை. கடைசியாப் பார்த்தப்போ சராசரி 6.9. நெல்லு போடுறவன் சோத்தை அளந்து தின்னா ஊர் சிரிக்காதா? சிரிச்சுது. பழகிடுச்சு.

இப்போ சுசுருதர் பிரிச்ச பிரிவு. தம்பி, உங்க அப்பாவுக்கும் எனக்கும் இருக்கிறது நடுவயசுல வர்றது. இதுல மாவுச்சத்தைக் குறைச்சா நல்ல பலன் உண்டு. சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது பெரும்பாலும் எலிசபெத்துக்கு வந்த வகை. அதுல உடம்பு இன்சுலினே சுரக்காது. அங்கே ஊசியை நிறுத்திட்டுப் பத்தியம்னு யாராவது சொன்னா, அவங்க அந்தப் பிள்ளையை 1921க்குத் திருப்பி அனுப்புறாங்கன்னு அர்த்தம்.

வரகு மூணு கிலோ போட்டு அனுப்பியிருக்கேன், பத்து வேண்டாம். சோத்துக்குப் பதிலா அதே அளவு இல்லை, அதுல பாதி. மீதித் தட்டுக்குக் காய். மாத்திரையைக் குறைக்கிறதும் நிறுத்துறதும் உங்க டாக்டர் வாயால வரணும். அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு எனக்கு போன் போடுங்க.