திண்ணையில் தொடங்கிய பாடம்



பள்ளி நேரத்தில் லிஃப்டில் ஒரு சிறுவனைப் பார்த்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு ஸ்கூல் லீவா?" என்பதுதான். நம் வளாகத்தில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. "இது என்ன புது வழக்கம்?" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. நானும் முணுமுணுத்தவன்தான். நம் சென்னையின் பழைய கணக்கு ஒன்றைப் படித்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

1822ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சென்னை நகரத்தில் மட்டும் வீட்டில் படிப்பவர்களையும் எண்ணினார்கள். அவர்கள் 26,963 பேர். பள்ளிக்குப் போனவர்களைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! எங்கோ பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். பாதியாகக் குறைத்தாலும், அன்றைய சென்னையில் பள்ளியைவிட வீட்டில் படித்தவர்களே அதிகம்.

அந்தப் பிள்ளைகளுக்கு உறவினர்களும், வீட்டுக்கு வந்த ஆசிரியர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைய பள்ளியும் வீட்டிலிருந்து வெகுதூரம் இல்லை. யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம். பெற்றோர் நெல்லும் காசும் கொடுத்து வாத்தியாரைத் தாங்கினார்கள். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலை. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூரில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் மாணவர்களிடமும் அதைப் பழக்கினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797ல் அவர் அதைப் பற்றி எழுதிய பிறகு, இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது.

ஒரு பிள்ளையின் படிப்புக்கு எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் நல்ல உதாரணம். 1855ல் பிறந்த அவருக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி அவருடைய தந்தை குடும்பத்தோடு அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். தங்க இடமும் தானியமும் கொடுத்து ஊரார் ஆதரித்தார்கள். தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த நூலைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான், 1871ல், மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தை அப்படியே புகழ எனக்கு மனம் வரவில்லை. மன்றோவின் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமே இல்லை. எல்லோருக்கும் பொதுவான பள்ளிக்காகப் பின்னால் இத்தனை பேர் போராடியது அதனால்தான். ஆகவே, "பள்ளியை விட்டு வாருங்கள்" என்று யாரையும் நான் அழைக்கவில்லை. வீட்டில் கற்பிப்பவர்களைத் தனியே விடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவர்களின் முதல் கவலை சட்டம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. வீட்டுக் கல்விக்கென்று தனிப் பிரிவும் இல்லை.

அடுத்த கவலை சான்றிதழ். சி.பி.எஸ்.இ.யின் கீழ் 1979ல் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989ல் தனி நிறுவனமானது. அதுதான் இன்றைய என்.ஐ.ஓ.எஸ். அதில் 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேரலாம். பிள்ளை பிறகு சேர விரும்பும் கல்லூரியில் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பிர்லா கோளரங்கமும் எழும்பூர் அருங்காட்சியகமும் வார நாட்களில் கூட்டம் குறைவாக இருக்கும்போது நிதானமாகப் பார்க்க ஏற்றவை.

கிடைக்காதது ஒன்றுதான்: கூடப் படிக்கத் துணை, கேட்டால் சொல்லித்தர ஆள். அது நம்மிடம் இருக்கிறது. நம் வளாகத்தில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் இருக்கிறார், வங்கியில் வேலை பார்த்தவர் இருக்கிறார், வீணை வாசிப்பவர் இருக்கிறார். வார நாட்களில் காலையில் நம் சமுதாயக் கூடம் பூட்டியே கிடக்கிறது. வாரம் இரண்டு காலை அதைத் திறந்து வைக்கலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். மாலையில் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளும் அதே இடத்தில் சேர்ந்து படிக்கலாம்.

நம் அடுக்குமாடியில் யார் வீட்டுக்கும் திண்ணை இல்லை. கூடத்தின் சாவி மட்டும் சங்கத்திடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒன்றை, வாரம் ஒரு மணி நேரம் சொல்லித்தர முடியுமானால், சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அடுத்த முறை லிஃப்டில் அந்தச் சிறுவனைப் பார்த்தால், "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேளுங்கள்.