ஒப்பாரிக் கோச்சியும் நடுவழியில் நின்ற கணக்கும்

இணையத்தில் தரவை ஏற்றிச் செல்லும் 'குவிக்' என்னும் நெறிமுறை 2021-இல் தரநிலையாக வெளிவந்தது. ஓர் இணைப்புக்குள் பல ஓடைகள். வேண்டாத ஓடையை மட்டும் இடையில் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியதும், அனுப்பப்பட்டு வழியில் தொலைந்த தரவு மீண்டும் அனுப்பப்படுவதில்லை. இக்குறையைப் போக்க வகுக்கப்பட்ட நீட்டிப்பின்படி, அனுப்புபவர் ஓர் எல்லையைக் குறிப்பிடுகிறார்: இதுவரையுள்ளதைச் சேர்ப்பது என் பொறுப்பு, இதற்குப் பிந்தியது மட்டுமே ரத்து.

இந்த எல்லையைக் குறிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதை மலையகம் மனிதர்களைக் கொண்டே அறிந்தது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக்கப்பட்டிருந்த 9,75,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தோட்ட மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

அட்டனிலும் நானுஓயாவிலும் ரயிலேறியவர்கள் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் அடைந்தனர். பெற்றோரும் பிள்ளைகளும் பிரிந்து கதறியதால் அந்த ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

ஒப்பந்தக் காலம் 1981 அக்டோபரில் முடிந்தது. 1984-இல் போர்ச் சூழலால் கப்பலும் நின்றது. அப்போது இந்தியக் குடியுரிமை பெற்றும் பயணப்படாதவர்கள் லயன்களிலேயே தங்கிவிட்டனர். வழித்தோன்றல்களையும் சேர்த்து இத்தொகை ஏறத்தாழ 84,000 எனக் கணக்கிடப்பட்டது. காகிதத்தில் இந்தியர், வாழ்வதோ இலங்கைத் தோட்டத்தில்.

1986-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத 94,000 பேருக்கு வழிசெய்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் விண்ணப்பிக்காதோரையே கருதியது. புறப்பட ஆயத்தமாகி நின்றவர்களுக்கு இரண்டிலும் இடமில்லை. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமே அவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமையைத் திறந்துவிட்டது. கப்பல் நின்று 19 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஓட்டத்தை நிறுத்தும் உரிமை அரசுகளுக்கு இருக்கலாம். ஆனால் நிறுத்தும் நாளில் வழியில் நிற்பவர் யார் பொறுப்பு என்பதை அன்றே எழுதியாக வேண்டும். பொறியாளர்கள் தரவுக்குச் செய்த இந்த ஏற்பாட்டை, கொழும்பும் புதுடில்லியும் மனிதருக்குச் செய்யவில்லை. அதன் விலையை ஒரு தலைமுறை தேயிலைக் கொழுந்து பறித்தபடியே செலுத்தியது.