கஃபாலத்தும் கடற்பயணமும்

பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டுக்குச் செல்வோர், டச்சுக்காரரின் கல்லறைகளை இன்றும் காணலாம். 1613இல் எழுந்த அவர்களது ஜெல்ட்ரியாக் கோட்டை மண்மேடாகிவிட்டது. அதற்கு முன்பே அரபு வணிகரும் தமிழ் முஸ்லிம்களும் அத்துறையில் மரக்கலம் செலுத்தி வாழ்ந்தனர். அவர்களது கைத்திறனைச் சோதித்து எவரும் சீட்டு வழங்கியதில்லை. அதே கரையிலிருந்துதான் டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான ஏழைகளை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. விரும்பிச் சென்றவனும் விற்கப்பட்டுச் சென்றவனும் ஒரே துறையில் கலமேறினர்.

பிற்காலக் குடிபெயர்வுச் சட்டங்கள் இவ்விருவருக்கும் இடையே வரம்பு கட்ட முயன்றன. 1922ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், தேர்ச்சிப் பணி என்பதைத் தனியே வகுத்தது. கைவினைஞர், எழுத்தர், கடைப் பணியாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோர் அதில் அடங்கினர். 1938இல் மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு நிறுத்தியது. 1953 ஆகஸ்டில் மலாயா தன் வாயிலைச் சுருக்கி, தனித்தேர்ச்சி உடையோருக்கே பெரிதும் இடமளித்தது. 1968இல் மலேசியா, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமச்சீட்டை விதித்தது. பினாங்கில் கடை வைத்திருந்த நம்மவர், ஊரிலிருந்து மைத்துனரையோ தம்பி மகனையோ அழைத்துக் கணக்கெழுத வைக்கும் வழக்கம் இவ்வாறு அடைபட்டது.

அப்போது திறந்தது அரபு வளைகுடா. 1970களில் எண்ணெய் வளம் பெருகியதும் அங்கே சென்றவர்களுக்கு விசாவோடு ஒரு கஃபீலும் வாய்த்தார். இச்சொல்லின் வரலாறு சிந்தனைக்குரியது. ஒருவரின் பொறுப்போடு மற்றொருவர் தம் பொறுப்பையும் சேர்த்துக்கொள்வதே கஃபாலத் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். மர்யம் (அலை) அவர்களை ஸக்கரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததைத் திருக்குர்ஆன் இவ்வேர்ச்சொல்லாலேயே குறிக்கிறது. சுமையைத் தாங்குபவரே கஃபீல். வளைகுடாவின் தொழிற்சட்டத்திலோ பொருள் தலைகீழாயிற்று. கஃபீலின் ஒப்புதலின்றித் தொழிலாளி வேலை மாற இயலவில்லை; சில நாடுகளில் ஊர் திரும்பவும் இயலவில்லை. மார்க்கம் ஈந்த சொல்லை மனிதர் விலங்காக்கினர் என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

அவ்விலங்கு இப்போது தளர்ந்து வருகிறது. முதலாளியின் ஒப்புதலின்றி வேலை மாறக் கத்தார் 2020இலும், சில நிபந்தனைகளோடு சவூதி அரேபியா 2021இலும் வழிவகுத்தன. ஆயினும் திறன்சோதனை இறுகுகிறது. குழாய்ப் பணியாளர், மின்பணியாளர் முதலியோருக்கு 2021இல் சவூதி தொடங்கிய தேர்வு, பின்னர் இந்தியாவிலும் நடத்தப்படலாயிற்று. நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக ஒரு மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் அரசு வெளியிட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். முகவர் பெறத்தக்க கட்டணமும் வரி நீங்கலாக 30,000 ரூபாயே. வீட்டை அடகு வைத்து இலட்சங்களை நீட்டும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம். பிள்ளையைப் பத்தாம் வகுப்பிலேனும் தேறச் செய்து, ஒரு தொழிலைச் சான்றிதழோடு கற்பித்து அனுப்புவது அதனினும் நலம்.

பழவேற்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி தொலைவில் இல்லை. அங்கே சிப்காட் வளாகத்தின் இரும்பாலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உலைமுன் நிற்கின்றனர். அவர்களும் மொழியறியா ஊரில் முகவரை நம்பி வந்தவர்களே. அவர்களது பணத்திற்காகவும் ஒரு வீடு காத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ரியாத்தில் நல்ல கஃபீல் வாய்க்க வேண்டுமென்று துஆச் செய்கிறோம். நம் ஊருக்கு வந்த பிள்ளைகளுக்கு, அச்சொல்லின் மெய்ப்பொருளில், கஃபீலாக நிற்கக் கடன்பட்டவர் நாமே அல்லரோ?