குதிரை நடந்த பாட்டு

சதுரங்கத்தின் தொன்மையைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சு எழுந்தால் முதலில் திருப்பூவனூர் வந்துவிடும். நீடாமங்கலத்துக்கு அருகே சதுரங்க வல்லபநாதராக எழுந்தருளியிருக்கும் சிவபெருமான், அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அந்தக் கோயிலின் பெயர் பலர் வாயில் அடிபட்டது. அழகான கதைதான். ஆனால் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற சான்றை இன்றைக்கும் பலகையை விரித்து, கட்டம் கட்டமாகச் சரிபார்க்கலாம். சதுரங்கத்தை நேசிக்கும் தமிழர்கள் அதையும் சேர்த்தே கொண்டாட வேண்டும்.

அவர் வேதாந்த தேசிகர். காஞ்சியின் தூப்புலில், விளக்கொளிப் பெருமாள் கோயிலை ஒட்டிப் பிறந்தவர். 1268 முதல் 1369 வரை வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. திருவரங்கத்தில் அவர் அரங்கனின் திருவடி நிலைகளைப் பற்றிப் பாடிய வடமொழி நூல் பாதுகா சஹஸ்ரம். 1008 சுலோகங்கள், 32 பத்ததிகள். ஒரே இரவில் பாடி முடித்தார் என்று பெரியோர் சொல்வார்கள். அதன் முப்பதாவது பகுதி சித்திர பத்ததி. நாகபந்தம், முரசபந்தம், மாலைமாற்று என்று தமிழிலும் நமக்குப் பழக்கமான சித்திரகவி வகைதான். அங்கே 929-ஆம் சுலோகமும் 930-ஆம் சுலோகமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இரண்டும் அனுஷ்டுப் சந்தம். அடிக்கு எட்டு அசையாக நான்கு அடி, மொத்தம் 32. சதுரங்கப் பலகையில் சரிபாதி. முதல் சுலோகத்தை அசைக்கொரு கட்டமாக நான்கு வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு முதல் வரிசை முதல் கட்டத்தில் குதிரையை நிறுத்தி நகர்த்த வேண்டும்: இரண்டாம் வரிசையில் மூன்றாம் கட்டம், மறுபடி மேலே ஐந்தாம் கட்டம், கீழே இறங்கி ஏழாம் கட்டம், அங்கிருந்து நான்காம் வரிசையின் கடைசிக் கட்டம். இப்படியே போனால் எந்தக் கட்டத்தையும் இரண்டு முறை மிதிக்காமல், எதையும் விட்டுவிடாமல், குதிரை 32 கட்டங்களையும் தொட்டு முடிக்கும். அது மிதித்த வரிசையில் அசைகளை வாசித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கிறது! ஓரிரு இடங்களில் மெய்யெழுத்து மட்டும் பக்கத்து அசையோடு ஒட்டிக்கொள்ளும். மற்றபடி எழுத்து பிசகாது.

கட்டத்தாளில் புட்டா வரைந்து இழை எண்ணும் காஞ்சி நெசவாளருக்கு இந்த வேலையின் கஷ்டம் உடனே பிடிபடும். ஒரு அசையை மாற்றினால் இரண்டு பாட்டும் குலையும். தேசிகரோ சந்தமும் கெடாமல், பொருளும் கெடாமல், இரண்டையும் பாதுகையின் துதியாகவே முடித்திருக்கிறார்.

குதிரை போகும் இந்தத் தடம் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ருத்ரடர், காவியாலங்காரம் என்ற நூலில் தேருக்கும் யானைக்கும் குதிரைக்கும் தனித்தனியே இத்தகைய பாட்டுகளை அமைத்தார். அவருடைய குதிரைப் பாட்டை நேராகப் படித்தாலும் குதிரைத் தாவலில் படித்தாலும் அதே பாட்டுத்தான் வரும். அதற்காக, திரும்பத் திரும்ப வரும் சில அசைகளை வைத்தே அவர் சமாளித்தார். தேசிகரின் குதிரை ருத்ரடர் போட்ட தடத்திலேயே, ஒரு கட்டம்கூட மாறாமல் ஓடுகிறது. ஆனால் புறப்பட்டது ஒரு பாட்டு, வந்து சேர்வது வேறொரு பாட்டு. தடத்தைக் கடன் வாங்கியவர் கவிதையில் முன்னோரைத் தாண்டிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

காஷ்மீரத்துத் தடம் தெற்கே வரை வந்ததில் வியப்பில்லை. அலங்கார நூல்கள் சமய எல்லை பார்க்காமல் கைமாறின. ருத்ரடரின் நூலுக்கு 1069 வாக்கில் உரை எழுதிய நமிசாது ஒரு சமணத் துறவி. காஞ்சியிலும் அந்தக் கல்விச் சூழல் இருந்தது. தேசிகர் பிறந்த அதே ஊரின் விளிம்பில், வேகவதிக் கரையில், திருப்பருத்திக்குன்றம் என்ற ஜினகாஞ்சி இருக்கிறது. பருத்திக்குன்றின் வஜ்ரநந்திக்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் ஊர் கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. அங்குள்ள வர்த்தமானர் கோயிலில் 1387-88-ல் சங்கீத மண்டபம் கட்டிய இருகப்பர், விஜயநகரப் படைத்தலைவர்; நானார்த்த ரத்னமாலா என்ற வடமொழி நிகண்டின் ஆசிரியரும் அவரே. தேசிகர் மறைந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. வைணவ ஆசாரியரும் சமணத் தளபதியும் ஒரே மொழிக்கல்வியில் ஊறியவர்கள்.

ஐரோப்பாவில் இந்தக் குதிரைப் புதிரைக் கணிதமாக முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஆய்லர், 1759-ல். அந்த இடைவெளியில் சதுரங்கமே மாறிப்போயிருந்தது. பழைய ஆட்டத்தில் மூலைவாக்கில் ஒரே கட்டம் நகர்ந்த மந்திரி, பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியர் கையில் பலகை முழுவதும் பாயும் ராணியானார். குதிரையை யாரும் தொடவில்லை. பாதுகா சஹஸ்ரத்தில் தாவிய அதே தாவலைத்தான் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலக சாம்பியனான சென்னைப் பையன் குகேஷின் குதிரையும் தாவியது.

வீட்டில் பலகை இருப்பவர்கள் ஒரு மாலையில் இதைச் செய்து பார்க்கலாம். நான்கே வரிசை உள்ள பலகையில் எல்லாக் கட்டங்களையும் மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே ஒரு தாவலில் திரும்பும் சுற்று சாத்தியமில்லை என்று கணிதம் நிறுவியிருக்கிறது. தேசிகரின் குதிரையும் திரும்புவதில்லை. நான்காம் வரிசை மூன்றாம் கட்டத்தில் போய் நிற்கிறது. அங்கிருந்து பலகையின் மறுபாதியைப் பாருங்கள்: ஐந்தாம் வரிசையின் முதல் கட்டம் சரியாக ஒரு தாவல் தூரம். அங்கே இறங்கி, முதல் பாதியில் நடந்த அதே நடையைத் திரும்ப நடத்தினால் 64 கட்டங்களும் முடிந்துவிடும்.