மறைந்திருந்த எழுபத்திரண்டாம் தனிமம்



வேதியியல் கற்கத் தொடங்குவோர்க்கு ஆசிரியர் இரண்டு விதிகளைச் சொல்லித் தருகிறார். ஆவர்த்தன அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்லச் செல்ல அணுவின் அளவு குறையும். மேலிருந்து கீழாக இறங்க இறங்க அது பெருகும். பின்னர், "இவற்றுக்குச் சில விலக்குகளும் உண்டு" என்று சொல்லி நிறுத்துகிறார். நான் மாணவனாக இருந்த காலத்தில் அவ்விலக்குகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேனேயன்றி, அவற்றுள் ஒரு வரலாறு அடங்கியிருப்பதை அறியவில்லை. அவ்வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

அணுக்களின் அளவை முதன்முதலில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தவர்களுள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் லோதர் மேயர். தனிமத்தின் அணு எடையை அதன் அடர்த்தியால் வகுத்து, அணுப் பருமன் என்னும் அளவை அவர் கணக்கிட்டார். 1870ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வரைகோடு அலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் சென்றது. அதன் சிகரங்களில் சோடியம், பொட்டாசியம் முதலிய கார உலோகங்கள் நின்றன.

இதன் காரணம் பிற்காலத்தில் விளங்கிற்று. ஒரே வரிசையில் செல்லும்போது அணுக்கருவின் மின்னூட்டம் படிப்படியாகக் கூடுகிறது. அது எலெக்ட்ரான்களை மேலும் இறுக்கி இழுக்கிறது. அடுத்த வரிசையிலோ புதியதொரு கூடு தோன்றுவதால் அணு பெரிதாகிறது. வெளி எலெக்ட்ரானை இழந்தால் அணு சுருங்கும். உலோகத்தில் 1.86 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள சோடியம், அயனியானதும் 1.02 ஆங்ஸ்ட்ராமாகக் குறைகிறது. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

இனி நம் கதைக்கு வருவோம். 1913, 1914ஆம் ஆண்டுகளில் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர், எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒவ்வொரு தனிமத்தின் அணு எண்ணையும் அறியும் வழியைக் கண்டார். அட்டவணையில் எந்தெந்த இடங்கள் காலியாக உள்ளன என்று எண்ணிச் சொல்ல அதனால் முடிந்தது. 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில், தமது 27ஆம் வயதில், அவர் மாண்டார். அவர் தந்த வழி மட்டும் மாளவில்லை.

உறுதியாக நிரப்பப்படாத இடங்களுள் ஒன்று 72. அது அரியமண் தனிமங்களைச் சேர்ந்தது என்றார் பாரிஸ் அறிஞர் ஊர்பேன். 1911இலேயே தாம் அறிவித்திருந்த செல்டியமே அது என்றும் வாதிட்டார். கோபன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போர் இதற்கு உடன்படவில்லை. அரியமண் வரிசையில் நிரம்பும் உட்கூட்டில் பதினான்கு எலெக்ட்ரான்களே அடங்கும். 71ஆம் தனிமத்தோடு அது நிறைந்துவிடுகிறது. ஆகவே 72ஆம் தனிமம் சிர்க்கோனியத்தின் உறவாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

அவருடைய நிலையத்தில் பணியாற்றிய காஸ்டரும் ஹெவெஷியும் சிர்க்கான் கனிமத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார்கள். புதிய தனிமம் அங்கேயே இருந்தது! 1922 டிசம்பரில் நோபல் பேருரை ஆற்ற ஸ்டாக்ஹோம் சென்றிருந்த போருக்குச் செய்தி எட்டியது. தம் உரையிலேயே அவர் அதனை அறிவித்தார். கண்டுபிடிப்பு 1923இல் வெளியாயிற்று. கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரைக்கொண்டு அத்தனிமத்துக்கு ஹாஃப்னியம் என்று பெயரிட்டார்கள்.

கிளாப்ரோத் சிர்க்கோனியத்தைக் கண்டது 1789இல். ஆக, 134 ஆண்டுகள் வேதியியலார் கையாண்ட சிர்க்கோனியத்தினுள்ளேயே ஹாஃப்னியம் ஒளிந்திருந்தது. அதனை ஏன் ஒருவரும் காணவில்லை?

இங்கேதான் விலக்கு வருகிறது. டைட்டேனியத்தின் ஆரம் 1.47 ஆங்ஸ்ட்ராம், அதன் கீழுள்ள சிர்க்கோனியம் 1.60. அதற்கும் கீழே ஹாஃப்னியம் பெரிதாக இருக்க வேண்டுமல்லவா? அதுவோ 1.59! இடையில் வரும் அரியமண் வரிசையே காரணம். அங்கே கருவின் மின்னூட்டம் பதினான்கு படி உயர்கிறது. உட்கூட்டில் சேரும் எலெக்ட்ரான்களோ அவ்வீர்ப்பை நன்கு மறைப்பதில்லை. லாந்தனம் அயனி 1.03 ஆங்ஸ்ட்ராம், லுட்டீஷியம் அயனி 0.86 மட்டுமே. நார்வேயில் ஆராய்ந்த கோல்ட்ஷ்மிட் 1925இல் இதனை லாந்தனைடுச் சுருக்கம் என்றழைத்தார். புதிய கூடு தந்த பெருக்கத்தை இச்சுருக்கம் விழுங்கிவிடுகிறது. அளவும் மின்னூட்டமும் ஒத்த அயனிகள் ஒரே படிகத்தில் ஒன்றன் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்கின்றன. வேதிவினைகளாலும் அவற்றை எளிதில் பிரிக்க இயலவில்லை.

இவ்வுண்மையைத் தெளிவாக்கிய கோல்ட்ஷ்மிட், யூதர் என்பதால் 1935இல் ஜெர்மனியைத் துறந்தார். 1942இல் நார்வேயில் கைதாகி, நாடு கடத்தப்படும் தறுவாயில் விடுவிக்கப்பட்டுச் சுவீடனுக்குத் தப்பினார். 1947இல் ஆஸ்லோவில் காலமானார்.

அணுவுலைகளில் எரிபொருளைப் பொதியும் குழாய்கள் சிர்க்கோனியக் கலவையால் ஆனவை. அது நியூட்ரான்களை மிகக் குறைவாகவே விழுங்குகிறது. ஹாஃப்னியமோ அவற்றைப் பெரிதும் விழுங்கும். எனவே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தேயாக வேண்டும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்க்கானுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, மாணவர்களே, விலக்கு என்ற சொல்லைக் கண்டு சலிப்படையாதீர்கள். ஹாஃப்னியம் விதியை மீறவில்லை. கருவின் ஈர்ப்பு என்னும் அதே விதிக்கு அடங்கியே சுருங்கிற்று. நாம் கற்ற விதிதான் குறுகியதாயிருந்தது. அடுத்த முறை உங்கள் பாடநூலில் ஒரு விலக்கைக் காணும்போது, அது ஏன் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன், நீங்கள் தவறவேண்டாம்.