அளந்தால் மாறும் குவாண்டம் நிலை: அலைச்சார்பின் ‘சரிவு’ என்பது என்ன?

புது தில்லி: வெப்பமானி காய்ச்சலைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை, உடலில் ஏற்கெனவே உள்ள வெப்பத்தைத் தெரிவிக்கிறது. ஆனால் எலக்ட்ரான், ஒளித்துகள் போன்ற நுண்பொருட்களை அளக்கும்போது, அளவீடே அவற்றின் நிலையை மாற்றிவிடுகிறது. மத்திய அமைச்சரவை ரூ.6,003.65 கோடி மதிப்பில் 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்குகளான குவாண்டம் கணினிக்கு இந்த இயல்பு பெரும் தடை. பாதுகாப்பான தகவல் தொடர்புக்கோ இதுவே அரண்.

அலைச்சார்பு என்றால் என்ன?

நுண்துகளின் நிலையை ‘அலைச்சார்பு’ என்ற கணித வடிவில் இயற்பியலாளர்கள் விவரிக்கின்றனர். அது காலப்போக்கில் எவ்வாறு மாறும் என்பதற்கான சமன்பாட்டை எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-ல் அளித்தார். துகள் எந்த இடத்தில் தென்படும் என்பதற்கான நிகழ்தகவை மட்டுமே அலைச்சார்பு தரும் என்று அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் விளக்கினார்.

ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுரா குழுவினர் 1989-ல் வெளியிட்ட சோதனை இதைக் கண்முன் நிறுத்தியது. இரு பாதைகளில் செல்ல வாய்ப்புள்ள எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே பதிந்தது. புள்ளிகள் பல்லாயிரமாகப் பெருகியபோது, அலைகளுக்கே உரிய வரிவரியான குறுக்கீட்டு வடிவம் தோன்றியது. எலக்ட்ரான் எந்தப் பாதையில் சென்றது என்பதைக் கண்டறிய ஏற்பாடு செய்தால், இத்தகைய வரிகள் மறைந்துவிடும்.

அளவீட்டின்போது நிகழ்வது

அளப்பதற்கு முன் பல வாய்ப்புகளின் கலவையாக இருக்கும் நிலை, அளந்தபின் அவற்றுள் ஒன்றாகச் சுருங்குகிறது. இதுவே ‘சரிவு’ எனப்படுகிறது. உடனடியாக மீண்டும் அதே அளவீட்டைச் செய்தால் அதே விடை கிடைக்கும்.

‘பார்வையாளர்’ என்ற சொல்லால், மனிதர் பார்ப்பதால்தான் சரிவு நிகழ்கிறது என்ற தவறான எண்ணம் பரவியுள்ளது. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவுபடுத்துகிறது. 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசர் கதிரால் அவர்கள் சூடாக்கினர். சூடான மூலக்கூறுகள் வெளியிட்ட ஒளி, அவை சென்ற பாதை பற்றிய தகவலைச் சுற்றுப்புறத்துக்குக் கொண்டு சென்றது. வெப்பம் கூடக்கூடக் குறுக்கீட்டு வரிகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை எவரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தகவல் வெளியேறியதே போதுமானதாக இருந்தது.

குவாண்டம் கணினிகளில் பலவற்றை மிகக் குறைந்த வெப்பநிலையில், வெளியுலகத் தொடர்பின்றிப் பாதுகாக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இந்தியர்களின் பங்கு

ஒரு நிலையை ஓயாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் உறைந்துவிடும் என்று இந்திய இயற்பியலாளர்கள் வைத்யநாத் மிஸ்ரா, இ.சி.ஜி. சுதர்சன் ஆகியோர் 1977-ல் கணித்தனர். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் அசையாமல் நிற்கிறது என்று வாதிட்ட கிரேக்க தத்துவஞானி சீனோவின் பெயரால் இது ‘குவாண்டம் சீனோ விளைவு’ எனப்படுகிறது. கேரளத்தில் பிறந்த சுதர்சன், பிற்காலத்தில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் டேவிட் வைன்லேண்ட் உள்ளிட்டோர் 1990-ல் இதைச் சோதனையில் காட்டினர். பெரிலியம் அயனிகள் ஓர் ஆற்றல் நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் காலத்தில், அவற்றை ஒளித் துடிப்புகளால் 64 முறை வரை அளந்தனர். அளவீடுகளின் எண்ணிக்கை கூடியபோது, நிலை மாறிய அயனிகளின் விகிதம் குறைந்துகொண்டே வந்தது.

ஒட்டுக்கேட்பைக் காட்டிக்கொடுக்கும் அளவீடு

சார்லஸ் பென்னட், ஜில் பிராசார்ட் ஆகியோர் 1984-ல் வகுத்த முறையில், ரகசியச் சாவி ஒளித்துகள்களின் மூலம் அனுப்பப்படுகிறது. இடையில் ஒருவர் அவற்றை அளந்தால் அவற்றின் நிலை குலையும். எல்லாத் துகள்களையும் அளந்து மீண்டும் அனுப்பினால், சரிபார்ப்பில் சராசரியாக 25 சதவீதப் பிழை தென்படும். ஊடுருவலை உணர்ந்து அந்தச் சாவியைக் கைவிடலாம்.

இதே கோட்பாட்டில் அமைந்த குவாண்டம் சாவிப் பகிர்வை, உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே 100 கி.மீ.க்கும் அதிகமான தொலைவுக்கு, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பும் தில்லி ஐஐடியும் 2022-ல் செய்துகாட்டின.

விடை கிடைக்காத கேள்வி

சரிவு உண்மையான இயற்பியல் நிகழ்வா என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. சரிவே இல்லை, எல்லா விடைகளும் தனித்தனிக் கிளைகளாகத் தொடர்கின்றன என்ற விளக்கத்துக்கு ஹியூ எவரெட் 1957-ல் அடித்தளமிட்டார். பொருட்கள் பெரிதாகும்போது சரிவு தானாகவே நிகழும் என்று கிரார்டி, ரிமினி, வெபர் ஆகியோர் 1986-ல் முன்மொழிந்தனர். பிந்தைய கருத்தைச் சோதனையால் சரிபார்க்க இயலும் என்பதால், மேலும் மேலும் பெரிய மூலக்கூறுகளில் குறுக்கீட்டு வரிகளை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். அளவீட்டின் விளைவுகளைத் துல்லியமாகக் கணித்துப் பயன்படுத்த முடிந்தாலும், அதன் பொருள் குறித்த விவாதம் இன்னும் தொடர்கிறது.